சீனத்து வாட்படங்களும் கிங் ஹூ சரிதமும்

மதில்களைத் தாவியும், கிளையினின்று கிளைக்குப் பாய்ந்தும், ஒற்றை வாள் கொண்டு நூறு பேரைச் சாய்த்தும் வெற்றி கொள்ளும் சீன வீரரை வெள்ளித் திரையிற் கண்டிராத மாணவர் நம்முள் அரியர். கண்டவருள்ளும் இரு கட்சியுண்டு. ஒரு சாரார் அவற்றில் மெய்மறந்து, கொட்டகையை விட்டு வெளிப்போந்த பின்னரும் கையையும் காலையும் வீசிக்கொண்டே வீடு செல்வர். மற்றொரு சாரார், பறக்கும் மனிதர் பச்சைக் குழந்தைகட்கே ஏற்றவர் என்று முகஞ் சுளிப்பர். இவ் விரு சாராரும் சொல்வதில் உண்மையுண்டு என்பது நம் எண்ணம். அதை விளக்குதற்கு வாதத்தினும் ஒருவருடைய வாழ்க்கையே சிறந்த வழியாகுமாதலின், இவ்வகைப் படங்களைக் கலையென்று உலகோர் ஒப்புமாறு செய்து, அம் முயற்சியிலேயே தம் ஆயுளைத் தேய்த்துக்கொண்ட கிங் ஹூ என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம். சீன மொழியில் அவர் பெயர் ஹூ ஜின்சுவான்.

சரிதத்திற்குள் புகுமுன் அவருக்கு முன்னிருந்த நிலைமையைச் சிறிது கூறல் வேண்டும். அரசனுக்குங் கட்டுப்படாமல், ஊருக்கும் உறவுக்கும் கட்டுப்படாமல், எளியோர்க்கு இழைக்கப்படும் தீங்கைத் தன் வாளாற் களையும் நாடோடி வீரனைச் சீனர் 'ஷியா' என்பர். அவனைப் பற்றிய கதைகள் அந் நாட்டில் மிகப் பழையன. 1928-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரத்துப் படக் கம்பெனி ஒன்று, செந்தாமரைக் கோயில் தீப்பட்ட கதையைப் படமாக்கிற்று. அஃது ஜனங்களை எத்துணைப் பித்தேற்றிற்று என்பதற்கு, 1931-க்குள் அக் கதையே பதினெட்டுப் பகுதிகளாக நீண்டது என்பது ஒன்றே போதிய சான்று. வாயினின்று ஒளி வீசும் வாட்கள் புறப்படுதலும், மேகத்தின்மேல் முனிவர் உலவுதலும் அப் படங்களின் விந்தைகள். 1931-இல் தேசீய அரசாங்கத்தார் மூடநம்பிக்கையை வளர்ப்பனவென்று இவற்றைத் தடுத்தனர். மாவ் துன் போன்ற எழுத்தாளர்களும், ஏழை மக்கள் தம் துயர் தீர்க்கத் தாமே எழுவதை விடுத்து, வானினின்று ஒரு வாள்வீரன் இறங்கி வருவானென்று காத்திருக்க இப் படங்கள் கற்பிக்கின்றன என்று கடிந்தனர். இக் குறை இன்றும் தீர்ந்ததன்று. பின்னர் இத் தொழில் ஹாங்காங் சேர்ந்து, அங்கே மலிந்த செலவில் தொடர் தொடராகப் படங்கள் எடுக்கப்பட்டன.

கிங் ஹூ 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பீகிங் நகரிற் பிறந்தார். வசதியான குடும்பம். சித்திரம் எழுதுதலும், பழைய நூல்களைப் புரட்டுதலும், அந் நகருக்கே உரிய இசை நாடகத்தைக் காண்டலும் அவருடைய இளம்பருவத்துப் பொழுதுபோக்குகள். இந் நாடகத்தில் மேடையில் மலையுமில்லை, ஆறுமில்லை. ஒரு மேசையும் இரு நாற்காலிகளுமே எல்லாமாம். நடிகன் துடுப்பொன்றைப் பிடித்துக் காலை அசைத்தால் அங்கே ஓடம் மிதக்கும். சாட்டையை உயர்த்தினால் குதிரை நிற்கும். வெளிச்சம் நிறைந்த மேடையில் இருவர் இருட்டென்று பாவித்து ஒருவரையொருவர் தேடிக் கத்தி வீசும் காட்சி ஒன்றுண்டு. கண்ணுக்குக் காணாததைக் காணச் செய்யும் இக் கூத்துக் கலையே பின்னாளில் அவருடைய படங்களுக்கு முதுகெலும்பாயிற்று.

1949-இல் நாட்டில் ஆட்சி மாறுங் காலத்தில் அவர் ஹாங்காங் வந்து சேர்ந்தார். மீண்டு செல்ல முடியாமற் போயிற்று. பதினேழு வயதினர், உற்றார் அருகிலில்லை, அந் நகரத்தார் பேசும் பேச்சும் வேறு. அச்சுக்கூடமொன்றில் பிழை திருத்தினார். விளம்பரப் படங்கள் எழுதினார். சினிமாக் கம்பெனிகளில் காட்சி ஜோடனைக்குச் சித்திரம் வரைந்தார். சில படங்களில் நடித்தும் இருக்கிறார். அமெரிக்க வானொலி நிலையத்தாரின் சீன நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் பணியும் சிலகாலம் பார்த்தார். இவ்வாறு சிறு சிறு வேலைகளில் உழன்ற ஆண்டுகள் வீண் போகவில்லை. பிற்காலத்தில் தம் படத்தின் உடையையும், விளக்கையும், கதவின் தாழையும், பெயர்ப் பலகையின் எழுத்தையுங் கூடத் தாமே வரைந்து கொடுக்கும் வல்லமை அவருக்கு இக் காலத்தில் வந்ததே.

1958-இல் ஷா சகோதரர் கம்பெனியிற் சேர்ந்தார். சிங்கப்பூரிலும் மலாய் நாட்டிலும் எண்ணற்ற கொட்டகைகளை நடத்திய இந்த ஷா சகோதரர், சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுப்பதற்கு இந்திய டைரக்டர்களை அமர்த்திக்கொண்டவர்கள் என்பதும் நம் நேயர் அறிந்து மகிழத்தக்கதே. கம்பெனியில் நடிகராகவும், கதை எழுதுபவராகவும், துணை டைரக்டராகவும் அவர் படிப்படியாக ஏறினார். 1965-இல் ஜப்பானிய யுத்தத்தைப் பற்றி 'நன்னிலத்து மைந்தர்' என்னும் பொருள்படும் படமொன்றை இயக்கினார். மறு வருஷம், 1966-இல், 'என்னோடு குடிக்க வா' என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற படம் வந்தது. அஃதே அவர் பெயரை நாட்டிற் பரப்பிற்று.

கதை எளியது. கவர்னரின் மகனைக் கள்வர் பிடித்துச் சிறை வைக்கின்றனர். அவனை மீட்கப் 'பொற்குருவி' என்னும் பட்டம் பெற்ற அவன் சகோதரி ஆண் வேடம் பூண்டு தனியளாய் வருகிறாள். சத்திரமொன்றில் அமர்ந்து உணவுக்குக் கட்டளையிடுகிறாள். சுற்றிலும் கள்வர் கூட்டம். ஒருவரும் வாளை உருவவில்லை. சாடியும், பலகையும், காசும் அவள்மீது எறியப்படுகின்றன. அவளோ ஆசனத்தை விட்டு எழாமலே அவற்றைத் தடுத்துத் திருப்பி, மீண்டும் தன் கிண்ணத்தை எடுத்துக் கொள்கிறாள். சண்டை மூளுமுன் நிலவும் இந்த அமைதி, மூண்ட சண்டையைக் காட்டிலும் நம்மைக் கட்டிப்போடுகிறது. பெருமிதம் எனப்படும் சுவையை இத்துணைச் சிக்கனமாகக் காட்டிய காட்சிகள் சிலவே. பொற்குருவியாக நடித்த செங் பெய்பெய் வாட்பயிற்சி உடையவரல்லர். நடனம் பயின்ற இளம் பெண். வாளின் வேகத்தை விட உடலின் தாளமே முக்கியமென்று கருதிய கிங் ஹூ அவரைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் அப் படத்தின் பிற்பகுதியை நாம் அவ்வளவு புகழ்தற்கில்லை. குடிகாரப் பிச்சைக்காரனாய்த் திரியும் ஆசானும், கெட்ட மடாதிபதியும் உள்ளங்கையினின்று புகையும் காற்றும் எழச் செய்து ஒருவரையொருவர் தாக்கும்போது, முன்னர்ச் சத்திரத்தில் மூச்சையடக்கியிருந்த நாம் மெல்லச் சிரிக்கத் தலைப்படுகிறோம். ஒரு கிண்ணத்தால் எழுப்பிய அச்சத்தை ஒரு மூட்டைப் புகையால் எழுப்ப முடியவில்லை. அது மட்டுமன்று, இதுவரை தன் திறமையால் நின்ற பொற்குருவி, நஞ்சு தோய்ந்த படைக்கலத்தால் காயமுற்றபின் பெரும்பாலும் பார்வையாளியாகிவிடுகிறாள். மந்திரசக்தி நுழைந்த இடத்தில் மனிதருக்கு வேலை குறைந்து போவதே இவ்வகைக் கதைகளின் பிறவிக் குறை. அக் குறையைக் கிங் ஹூ தாமே உணர்ந்திருந்தார் என்பது அவருடைய அடுத்த படங்களாற் புலனாகும்.

அவர் கையாண்ட முறையைச் சிறிது விளக்குவோம். தமக்குக் குத்துச்சண்டையோ வாட்போரோ தெரியாதென்று அவர் ஒளியாமற் கூறி வந்தவர். இசை நாடகத்தில் தேர்ந்த ஹான் யிங்ஜீ என்பாரைக் கொண்டு சண்டைகளை ஆட்டம்போல் அமைத்தார். மரப்பலகைத் தாளமும், பறையும், கைத்தாளமும் பின்னணியில் ஒலிக்கும். நடிகர் அத்தாளத்திற்கே நின்றும் நகர்ந்தும் வாள் வீசுவர். பறத்தலை அவர் பெரிதும் கம்பியிற் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினாரல்லர். மறைவில் வைத்த துள்ளு மெத்தையினின்று நடிகன் எழும்புவான்; அது ஒரு துண்டு. வானத்தின் எதிரில் உடல் மட்டும் ஒரு கணம் தோன்றும். அது மற்றொரு துண்டு. தரையில் இறங்கும் கால்கள் மூன்றாம் துண்டு. ஒரு வினாடிக்கு 24 சிறு படங்கள் ஓடுகின்ற சினிமாவில், இத் துண்டுகளுட் சில பத்துச் சிறு படங்களினும் குறைந்தவை. கண் முழுதும் காணுமுன்னரே காட்சி மறைந்து விடும். எஞ்சியதை நம் மனமே நிரப்பிக் கொள்ளும். அவ் வீரன் எப்படிப் பறந்தானென்று நாம் ஐயுறுவதில்லை, பறந்ததை நாம் முற்றக் கண்டதில்லையாகையால். துடுப்பால் ஓடத்தைக் காட்டிய அதே கலை இங்குக் கத்தரிக்கோலிற் புகுந்துகொண்டது.

ஷா கம்பெனியாருடன் மனம் ஒவ்வாமையால் அவர் விலகித் தைவான் தீவுக்குச் சென்றார். அங்கே 1967-இல் 'டிராகன் வாயிற் சத்திரம்' எடுத்தார். மிங் வம்சத்து அரசில், 1457-ஆம் ஆண்டு, நேர்மையாளரான அமைச்சர் யூ சியன் கொலைத் தண்டனை பெற்றார், இது சரித்திரம். அவர் மக்கள் எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தப்படுகின்றனர், அவர்களையும் ஒழித்து விடவேண்டுமென்று அரண்மனைத் திருநங்கை அதிகாரி தன் ஒற்றர் படையை ஏவுகிறான், தன்னந்தனியே பாலை நடுவிலுள்ள சத்திரத்தில் படையும் காவலரும் சந்திக்கின்றனர், இது கதை. அக் காலத்தில் ஆங்கில ஒற்றன் ஜேம்ஸ் பாண்டின் படங்கள் உலகெங்கும் ஓடின. ஒற்றர் தொழிலை வீரமாகப் புகழ்தல் அவருக்கு அருவருப்பாயிருந்தது. அதற்கு மறுமொழியாகவே மிங் காலத்து இரகசியப் போலீசாரின் கொடுமையைக் காட்ட எண்ணினார். அச்சத்தின் ஆட்சியில் நீதி எங்கே போய் ஒளியும் என்ற கேள்வி, நாடிழந்து வந்த ஒருவருக்கு வெறுங் கற்பனையன்று. இறுதிச் சண்டையில் அத் தீய அதிகாரி ஒப்பற்ற வாள் வல்லவன். நால்வர் சூழ்ந்தும் அவனை வெல்லவில்லை. ஆயினும் அவனுக்கு மூச்சிரைப்பு நோயுண்டு. மலையுச்சியில் அவன் மூச்சுத் திணறுவதைக் காணும்போது, வல்லமைக்கு ஓர் எல்லை வகுத்ததனாலேயே ஆசிரியர் நம் நம்பிக்கையைப் பெறுகிறார். அப் படம் தைவானிலும் தென்கிழக்கு நாடுகளிலும் கொட்டகைகளை நிரப்பிற்று.

இவ் வெற்றியால் கிடைத்த சுதந்தரத்தை அவர் செலவிட்ட வகை வியப்புக்குரியது. பு ஸோங்லிங் என்னும் பழைய ஆசிரியரின் பேய்க் கதைத் தொகுதியிலிருந்து சிறு கதையொன்றை எடுத்து, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் படமாக விரித்தார். சீனத்தில் 'வீர மங்கை' என்றும் ஆங்கிலத்தில் 'ஏ டச் ஆப் ஜென்' என்றும் வழங்கும் படம் அது. மிங் காலத்து எல்லையூர்த் தெரு முழுவதையும் கட்டி எழுப்பி, வெயிலிலும் மழையிலும் பழமை பெறுமாறு விட்டு வைத்தார். மூங்கிற் காட்டில் நிகழும் பத்து நிமிஷச் சண்டைக்கு மாத்திரம் 25 நாட்கள் சென்றன. மூங்கிலின் ஊடே சூரிய ஒளி வேண்டிய கோணத்தில் வரும் வேளை சொற்பமன்றோ? முதலாளிகள் எப்படிப் பொறுத்தனரோ, அறியோம். முதல் வாட்போர் வருமுன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்து விடுகிறது. அதுவரை நாம் காண்பது, முப்பது கடந்தும் மணமாகாத, உத்தியோகத்தில் விருப்பமற்ற, படம் எழுதிப் பிழைக்கும் ஓர் ஏழைப் படிப்பாளியையும், அவனை ஓயாமற் கடியும் தாயையும், பாழடைந்த கோட்டையையும், அங்கு வந்து ஒளிந்து வாழும் ஒரு பெண்ணையுமே.

அப் பெண் கொலையுண்ட நேர்மையாளர் ஒருவரின் மகள். ஒற்றர் படை அவளைத் தேடி வருகிறது. போரறியாத படிப்பாளி தான் கற்ற சாஸ்திரத்தால் அவளுக்குத் துணை நிற்கிறான். கோட்டையில் பேய்கள் உண்டென்று வதந்தி பரப்பி, பொம்மைகளும், மணிகளும், பொறிகளும் வைத்து, இரவில் வந்த படையை நடுங்கச் செய்கிறான். பகைவர் அழிந்தனர். பொழுது விடிகிறது. அவன் தன் சூழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பார்த்து, குழந்தைபோல் கைகொட்டிச் சிரித்துக் கொண்டு கோட்டைக்குள் நடக்கிறான். மெல்ல மெல்லச் சிரிப்பு ஓய்கிறது. தன் காலடியில், மூலை தோறும், படிகள் தோறும், பிணங்கள் கிடப்பதை அப்போதுதான் அவன் பார்க்கிறான்.

இவ்வகைப் படங்கள் அனைத்திற்கும் இவ் வொரு காட்சியே தீர்ப்பாக நமக்குத் தோன்றுகிறது. இரவெல்லாம் அவனோடு சேர்ந்து நாமும் மகிழ்ந்திருந்தோம். வீழ்ந்தவரை எண்ணினோமில்லை, அவர் வீழும் விசித்திரத்தையே எண்ணினோம். வாட்படங்களின் இன்பம் எதுவோ அதுவே அவற்றின் குற்றமுமாம்: சாவு அங்கே நாட்டியமாகி விடுகிறது. அவ் வின்பத்தைக் குறைவற ஊட்டிய கையே அதன் விலையையும் நமக்குக் காட்டிற்று. படத்தின் முடிவில் துறவி ஒருவர் வஞ்சகத்தாற் குத்துண்டு, குருதிக்கு மாறாகப் பொன்னிறம் ஒழுகப் பாறைமேல் அமர்கிறார். தலைக்குப் பின் கதிரவன் நிற்கிறான். புத்த ஞானத்தைத் திரையிற் காட்ட முயன்ற இவ் விறுதியை மேனாட்டு விமரிசகர் வானளாவப் புகழ்வர். நமக்கோ, அது அழகிய சித்திரமாகப் பட்டதேயன்றி, கோட்டையில் விடிந்த அக் காலையைப்போல் நெஞ்சை அறுக்கவில்லை. நேயர்களுட் சிலர் நம்மோடு மாறுபடலாம்.

1970-லும் 1971-லும் இரு பகுதிகளாகத் தைவானில் வெளிவந்த அப் படம் பணம் தரவில்லை. ஹாங்காங்கில் வெட்டிக் குறுக்கிக் காட்டினர். 1975-இல் முழு வடிவம் பிரான்ஸ் தேசத்துக் கான் விழாவிற் காட்டப்பட்டு, தொழில் நுட்பச் சிறப்புக்கான உயரிய பரிசு பெற்றது. சீன வாட்படமொன்று அங்ஙனம் மதிக்கப்பட்டது புதுமை. ஆயின் பரிசு வந்தபோது காலம் கடந்து விட்டது. 1971-இல் ப்ரூஸ் லீயின் முதற் பெரும்படம் வெளிவந்து, ஜனங்கள் வாளை மறந்து வெறுங்கையை விரும்பத் தொடங்கியிருந்தனர். அப் படத்தில் சண்டைகளை அமைத்தவரும், ப்ரூஸ் லீயிடம் இறுதியில் அடிபட்டு மாளும் கொடிய முதலாளியாக நடித்தவரும் யாரெனின், கிங் ஹூவிடம் நெடுநாள் உழைத்த ஹான் யிங்ஜீயே.

இதன் பின்னர்க் கிங் ஹூ சொந்தக் கம்பெனி வைத்து 1973-லும் 1975-லும் இரு படங்களை வெளியிட்டார். பின்பு கொரியா நாட்டுக் கோயில்களிலும் மலைகளிலும் ஒரே பயணத்தில் இரு படங்களை எடுத்து 1979-இல் தந்தார். அவற்றுள் 'மலையில் மழை' என்பதில் வாட்போர் மிகச் சிறிது. ஒரு மடத்திலுள்ள அரிய ஓலைச்சுருளைத் திருடச் செல்வரும் சேனாதிபதியும் சூழ்ச்சி செய்கின்றனர்; புதிதாகத் தலைமை ஏற்ற துறவியோ அதற்குப் பிரதி எழுதுவித்துவிட்டு மூலச் சுருளை எரித்து விடுகிறார். மற்றொன்றான 'மலைக் கதை' கண்ணுக்கு விருந்து. ஆனால் மூடுபனியும் நீர்வீழ்ச்சியும் மிகுந்து கதை எங்கோ ஒதுங்கி விட்டது. அழகின் மேலிருந்த காதலே அவருக்குப் பகையாகவும் இருந்தது. பாத்திரங்கள் உட்புகுந்து பேசுவதில்லை; நல்லவர் நல்லவராகவே, தீயவர் தீயவராகவே நின்று விடுவர். செலவும் தாமதமும் முதலாளிகளை அச்சுறுத்தின. 1980-க்குப் பின் அவருக்குக் கிடைத்த வாய்ப்புக்கள் மிகச் சில.

1990-இல் ஜின் யோங்கின் புகழ்பெற்ற நாவலொன்றைத் தழுவி 'வாள் வீரன்' என்னும் படத்தை இயக்க அழைக்கப்பட்டார். தயாரித்தவர் சுய் ஹார்க். படம் பாதியிலிருக்கையிற் பிணக்கு நேர்ந்து விலகினார், பிறர் முடித்தனர், அவர் பெயர் மட்டும் முகப்பில் நின்றது. அதன் பின் ஹாங்காங்கில் எழுந்த வாட்பட வெள்ளத்தில் கம்பியிற் கட்டிய வீரர் ஓயாமற் பறந்தனர். தரையில் நிற்பவர் எவருமில்லாத போது பறத்தலுக்கு என்ன சிறப்பு? கிங் ஹூவின் நாயகர் பல நாழிகை நடந்தபின் ஒருமுறை பறந்தனர்; அதனால் நாம் வியந்தோம். 1993-இல் அவர் இயக்கிய இறுதிப் படமான 'வண்ணத் தோல்' பேய்க்கதை வெற்றி பெறவில்லை.

அவருக்கு நெடுநாளாக ஓர் ஆசையிருந்தது. கடந்த நூற்றாண்டுக்கு முந்தியதில் அமெரிக்காவுக்குக் கூலிகளாகச் சென்ற சீனரின் துன்பக் கதையைப் படமாக்க வேண்டுமென்பதே அது. பறப்பவர் இல்லாத கதை. அமெரிக்காவிலே ஆண்டுக் கணக்காய்த் தங்கிப் பொருள் தேடினார். ஏற்பாடுகள் கைகூடும் தறுவாயில், 1997-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் தேதி, தைப்பே நகரில் இருதய சிகிச்சையின்போது உயிர் நீத்தார். வயது அறுபத்து நான்கு.

மறைந்தபின் அவர் புகழ் வளர்ந்தது. 2000-இல் ஆங் லீயின் படமொன்றில் மூங்கில் நுனியில் வாள்வீரர் அசைந்தாடியதை உலகம் புதுமையென்று போற்றிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அம் மூங்கிற்காடு காட்டப்பட்டதென்பதை அறிந்தவர் அறிவர். பொற்குருவியாக நடித்த செங் பெய்பெய் அங்கே வஞ்சம் நிறைந்த முதியவளாக வந்தார். 'வீர மங்கை'யில் நாயகியாக விளங்கிய ஷு பெங் பின்னாளிற் பெரிய தயாரிப்பாளராகி, தம் பொருளைச் செலவிட்டுப் பழைய படச் சுருள்களைப் புதுப்பிக்கச் செய்தார். அப் படம் 2015-இல் மீண்டும் கான் விழாவிற் காட்டப்பட்டது.

2003-இல் சாய் மிங்லியாங் என்னும் டைரக்டர் எடுத்த படமொன்று நம்மை மிகவும் உருக்கிற்று. மூடப்போகும் ஒரு பழைய கொட்டகை, வெளியே மழை, திரையில் கடைசி முறையாக 'டிராகன் வாயிற் சத்திரம்' ஓடுகிறது. பார்ப்பவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்களுள் இருவர் கிழவர். ஷி சுன், மியாவ் தியென் என்னும் அவ்விருவரும் அதே படத்தில் இளமையில் வாளேந்தி எதிரெதிர் நின்ற நடிகர். ஷி சுன்னின் கண்கள் கலங்கி நிற்கின்றன. காட்சி முடிந்ததும் இருவரும் முன்கூடத்திற் சந்தித்துச் சிறிது பேசிவிட்டுப் பிரிகின்றனர். நொண்டிக்கால் உடைய சீட்டுக்காரப் பெண் கதவுகளைச் சாத்தத் தொடங்குகிறாள்.